சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகப் பயணக் காப்பீடு கிடைக்குமா?

கேள்வி இதுதான். கோவையைச் சேர்ந்த 54 வயதுக்காரர் ஒருவர், வரும் அக்டோபரில் நண்பர்கள் நால்வருடன் நேபாளத்துக்குப் போய் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை மலையேற்ற நடைப்பயணம் செய்ய இருக்கிறார். ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், மூன்று ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் எடுத்துக்கொள்கிறார். இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. ஏஜென்ட் அவரிடம், "சுகர், பிரஷர் எல்லாம் ஃபார்ம்ல போடாதீங்க சார், போட்டா பிரீமியம் ஏறும், இல்லேன்னா ரிஜெக்ட் ஆயிடும். ட்ரெக்கிங்குக்கு அட்வென்ச்சர் கவர் சேர்த்துட்டேன், கவலைப்படாம போயிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பலாமா என்பது அவருடைய கேள்வி. ஸ்கூபா டைவிங்குக்குக் காப்பீடு எப்படி என்றும் கேட்டிருக்கிறார்.

நம்பக் கூடாது. பல ஆண்டுகள் பயணக் காப்பீட்டுக் கிளைம் பிரிவில் உட்கார்ந்து, பணம் கொடுக்கும் கடிதங்களையும் மறுக்கும் கடிதங்களையும் எழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்களுக்குக் காப்பீடு கிடைக்கும். ஆனால் ஏஜென்ட் சொன்ன வழியில் வாங்கினால் கையில் இருப்பது பிரீமியம் கட்டிய ரசீது மட்டும்தான். உங்கள் பயணத்துக்கு முன்னால் இரண்டு பூட்டுகள் தனித்தனியாகத் தொங்குகின்றன: ஒன்று உயரம், மற்றொன்று ஏற்கெனவே உள்ள நோய். அட்வென்ச்சர் கவர் என்பது முதல் பூட்டுக்கான சாவி. அதனால் இரண்டாவது பூட்டு திறக்காது. பெரும்பாலான சண்டைகள் இதைப் புரிந்துகொள்ளாததால்தான் வருகின்றன.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் "மலையேற்றம்" என்ற சொல் இருக்கும். அதன் பொருள் பாலிசிக்குப் பாலிசி மாறும். சில பாலிசிகள் கயிறு, பனிக்கோடரி, கிராம்பான் (காலணியில் மாட்டும் பனி முட்கள்) போன்ற கருவிகளுடன் ஏறுவதை மட்டும் விலக்கிவிட்டு, பாதையில் நடந்து போவதை ஏற்றுக்கொள்ளும். சில, வழிகாட்டியின் உதவியோடு ஏறினாலே மலையேற்றம் என்று எழுதி வைத்திருக்கும். நேபாளத்தில் வழிகாட்டியோடு போவதுதான் பொறுப்பான செயல் என்றாலும், அந்த வாசகத்தின்படி அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். இன்னும் சில, கருவிகளைப் பற்றிப் பேசாமல் 4,500 மீட்டர், 5,000 மீட்டர், 6,000 மீட்டர் என்று உயரத்தைக் கொண்டே எல்லை வகுக்கும். விற்பனைத் துண்டறிக்கையில் "ட்ரெக்கிங் உண்டு" என்று மட்டும் இருக்கும். எண் உள்ளே, வரையறைகள் பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும்.

உங்கள் பாதையை அந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். லுக்லாவில் விமானம் இறங்கும் இடமே சுமார் 2,860 மீட்டர். நாம்சே பஜார் 3,440, டிங்போச்சே 4,410, லொபுச்சே 4,900-க்கு மேல், கோரக்ஷேப் 5,164, அடிவார முகாம் 5,364. மறுநாள் விடியலில் எல்லோரும் ஏறும் காலாபத்தர் 5,500-ஐத் தாண்டிவிடும். 4,500 மீட்டர் எல்லை உள்ள பாலிசி, டிங்போச்சே வரை உங்களோடு நடந்து வந்து, அதற்கு மேல் நின்றுவிடுகிறது. ஆபத்து அதிகமாக இருக்கும் அந்த இரண்டு மூன்று நாட்களில் நீங்கள் காப்பீடு இல்லாதவர். 5,000 மீட்டர் எல்லை இன்னும் வேடிக்கையானது: லொபுச்சேவில் படுத்திருக்கும்போது காப்பீடு உண்டு, காலையில் எழுந்து நடக்கத் தொடங்கியதும் இல்லை. இந்தப் பயணத்துக்கு 6,000 மீட்டர் வரை என்று எழுத்தில் இருக்கும் பாலிசிதான் வேண்டும். கயிறு கட்டி ஏறும் ஐலண்ட் பீக் போன்ற சிகரத்தை நண்பர்கள் பாதி வழியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதற்கு இதுவும் போதாது.

இங்கே ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுகிறேன். "என்னிடம் ஏற்கெனவே நல்ல மருத்துவக் காப்பீடு இருக்கிறது, அதில் சாகச விளையாட்டு விலக்கு தொழில்முறை வீரர்களுக்கு மட்டும்தான்" என்று விவரம் தெரிந்த நண்பர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நிலையான விலக்கு வாசகம், தொழில்முறையாக ஈடுபடுவதால் வரும் சிகிச்சையைத்தான் விலக்குகிறது. பொழுதுபோக்காக நடப்பவரை அது தொடாது. ஆனால் அந்தப் பாலிசி பொதுவாக இந்திய எல்லைக்குள் எடுக்கும் சிகிச்சைக்கானது. மலையிலிருந்து இறக்கும் ஹெலிகாப்டருக்கு அதில் இடமிருப்பதும் அரிது. இமாச்சலத்தில் கால் முறிந்து சண்டிகரில் சேர்ந்தால் அது உதவும், காத்மாண்டுவில் உதவாது. வாக்காளர் அட்டையைக் காட்டியே நேபாளத்துக்குப் பறக்கலாம் என்பதால் நம்மில் பலர் அதை வெளிநாடு என்றே நினைப்பதில்லை. காப்பீட்டுக்கு அது வெளிநாடுதான். வெளிநாட்டுப் பயணப் பாலிசிக்குப் பல நிறுவனங்கள் பாஸ்போர்ட் எண் கேட்கும். பாலிசி அட்டவணையில் காட்டிய நிலப்பகுதிக்குள் நேபாளம் வருகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது பூட்டு. ஏற்கெனவே உள்ள நோய் என்றால், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் மருத்துவர் கண்டறிந்த, அல்லது அதற்காக ஆலோசனையோ சிகிச்சையோ தந்த எந்தக் கோளாறும் ஆகும். இந்திய மருத்துவக் காப்பீட்டு விதிகளில் இந்தக் காலம் 48 மாதங்களாக இருந்தது. 2024 ஏப்ரல் முதல் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. உங்களுக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை. தினமும் மாத்திரை போடுகிறவருக்கு நேற்றுகூடச் சிகிச்சை நடந்திருக்கிறது. "கட்டுக்குள் இருக்கிறது" என்பது மருத்துவரின் பாராட்டு. படிவம் கேட்பது நோய் இருக்கிறதா என்று மட்டும்தான். மாத்திரையால் சர்க்கரை அளவு இயல்பாக இருப்பதை வைத்து, "எனக்குச் சர்க்கரை இல்லை" என்று நல்லெண்ணத்தோடு எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உள்நாட்டு மருத்துவப் பாலிசியில் சில ஆண்டுகள் காத்திருந்தால் பழைய நோய்க்கும் பணம் கிடைக்கும். பதினாறு நாள் பயணப் பாலிசியில் காத்திருக்கக் காலமில்லை. எனவே நோயைத் தெரிவித்தபின் நிறுவனம் மூன்றில் ஒன்றைச் செய்யும். அந்த நோயை முழுவதும் விலக்கிவிட்டு மற்றதற்குப் பாலிசி தரும். அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில், நோயாளியை நிலைப்படுத்தும் வரைக்கும் ஆகும் செலவை மட்டும் ஏற்கும். அல்லது கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அந்த நோய்க்கும் தனி வரம்போடு காப்பீடு தரும். இந்தியச் சந்தையில் நீங்கள் அதிகம் பார்ப்பது நடுவில் உள்ளதைத்தான். அதில் இரண்டு சொற்களை நிறுத்திப் படிக்க வேண்டும். "நிலைப்படுத்தும் வரை" என்றால், மாரடைப்பில் உயிரைக் காப்பாற்றும் முதல் சிகிச்சை உள்ளே வரும். ஆபத்து நீங்கியபின் நடக்கும் சிகிச்சை வெளியே போகும். அடுத்தது துணை வரம்பு. பாலிசியின் முகப்பில் 1,00,000 டாலர் என்று பெரிதாக இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான வரம்பு அதில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். ஹெலிகாப்டரும் அந்தச் சிறு பகுதிக்குள்தான் வருமா, தனி வரம்பா என்பதைக் கேட்காமல் விடாதீர்கள். எவரெஸ்ட் அமைந்த கும்பு பகுதியிலிருந்து தனி ஹெலிகாப்டரில் காத்மாண்டுவுக்கு இறக்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். யார் பணம் தருவது என்று உறுதியாகாமல் விசிறி சுழலத் தொடங்குவதும் கடினம்.

ஏஜென்ட் சொன்னதுபோல் எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை, என் மேசைக்கு வந்த ஒரு கோப்பை வைத்துச் சொல்கிறேன். அறுபதை நெருங்கிய ஒருவர், இதே பாதையில் லொபுச்சேவில் இரவு முழுவதும் மூச்சுத் திணறி, காலையில் காத்மாண்டுவுக்கு இறக்கப்பட்டார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, உயரத்தால் வருவதுதான். மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கோப்பில் இருந்த படிவத்தில் எல்லா நோய்க் கேள்விகளுக்கும் "இல்லை" என்று குறி போடப்பட்டிருந்தது. அதை இணையத்தில் நிரப்பியவர் ஏஜென்ட், கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணைச் சொன்னவர் மகன். அந்தப் பெரியவர் படிவத்தைப் பார்த்ததுகூட இல்லை.

மருத்துவமனையின் சேர்க்கைத் தாளில், பணிநேர மருத்துவர் வழக்கம்போல முதல் வரியிலேயே எழுதியிருந்தார்: "கே.சி.ஓ. டி.எம்., 12 வருடம்." அறியப்பட்ட சர்க்கரை நோயாளி, பன்னிரண்டு ஆண்டுகளாக என்பதன் மருத்துவச் சுருக்கெழுத்து அது. அருகில் இருந்த மனைவியிடம் மருத்துவர் கேட்டிருக்கிறார், அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதுதான் சரி. மருத்துவருக்கு அது தெரியாவிட்டால் கணவருக்குத்தான் ஆபத்து. நுரையீரலில் நீர் கோத்ததற்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை என்று குடும்பத்தினர் வாதாடினார்கள். மருத்துவ ரீதியாக அவர்கள் சொன்னது சரிதான். நாங்கள் மறுத்ததோ, நோயால் வந்தது என்பதற்காக அல்ல. கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் தந்து பெற்ற பாலிசி என்பதற்காக. அந்த மறுப்புக் கடிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது. விதிப்படி அது சரி என்று இன்றும் நினைக்கிறேன். அந்தக் குறிகளைப் போட்ட ஏஜென்டுக்கு எதுவும் ஆகவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

ஆகவே உங்கள் கிளைமை முடிவு செய்வது இரண்டு தாள்கள்: பயணத்துக்கு முன் நீங்கள் நிரப்பும் முன்மொழிவுப் படிவம், பயணத்தின்போது உங்களுக்குத் தெரியாத ஒரு மருத்துவர் எழுதும் சேர்க்கைத் தாள். இரண்டிலும் ஒரே மனிதர் இருக்க வேண்டும். ஏழு ஆண்டு மெட்ஃபார்மின் என்று படிவத்தில் இருந்தால், சேர்க்கைத் தாளில் ஏழு ஆண்டு என்று வரும்போது யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஆண்டுக் கணக்கைக்கூடச் சரியாக எழுதுங்கள். "ஒரு பத்து வருஷமா இருக்கும்" என்று நண்பர் குத்துமதிப்பாகச் சொன்னது சேர்க்கைத் தாளில் ஏறி, அதை நீக்கவைக்க ஆறு மாதம் அலைந்தவர்கள் உண்டு. முதல் முதலில் சர்க்கரை கண்டறிந்தபோது மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டில் இருந்தால், அதைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு இரண்டு தீர்ப்புகள் போதும். 2009 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில், மருத்துவப் பாலிசி எடுத்தவர் தமக்கு இருந்த நாட்பட்ட சர்க்கரையையும் சிறுநீரகக் கோளாறையும் படிவத்தில் சொல்லாமல், நல்ல உடல்நலம் என்று எழுதியிருந்தார். காப்பீடு தருவதா, என்ன விலைக்குத் தருவது என்று முடிவெடுக்கும் நிறுவனத்தின் மனத்தை அசைக்கக்கூடிய எந்தச் செய்தியும் முக்கியமானது, அதை மறைத்தால் கிளைமை மறுக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2021 டிசம்பர் தீர்ப்பு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது பயணப் பாலிசி பற்றியது. 2009-இல் அமெரிக்காவுக்குப் போன ஒருவருக்கு, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் உடல் தளர்ந்து வியர்த்தது, மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட் வைக்கப்பட்டது. கொழுப்புக்கு எடுத்துவந்த மாத்திரையைச் சொல்லவில்லை, சர்க்கரை உள்ளவர் என்ற காரணங்களைக் காட்டி நிறுவனம் மறுத்தது. ஆனால் பாலிசி தருவதற்கு முன் அவருக்கு மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தது, சர்க்கரை இருப்பது அப்போதே பதிவாகியிருந்தது. தெரிந்த பிறகும் பாலிசி கொடுத்துவிட்டு, பின்னால் அதே நோயைக் காட்டி மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, சிகிச்சைச் செலவை வட்டியோடு கொடுக்க உத்தரவிட்டது. வெளிநாடு போகிறவர் இத்தகைய பாலிசி வாங்குவதே அங்கே எதிர்பாராமல் வரும் நோய்க்காகத்தான் என்பதும் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அவரைக் காப்பாற்றியது, சர்க்கரை முன்கூட்டியே தாளில் இருந்ததுதான். அப்படியிருந்தும் பணம் கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இரண்டு பூட்டுகளையும் தனித்தனியே திறந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், மீதம் இருப்பது இரண்டும் சந்திக்கும் இடம். இதைப் பற்றி ஏஜென்டுகள் பேசுவதே இல்லை. அடிவார முகாமில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. நல்ல உடல்நலம் உள்ளவருக்கும் அங்கே மூச்சு வாங்கும், தலை வலிக்கும், தூக்கம் கெடும். இரத்த அழுத்தம் முதல் சில நாட்கள் கூடுவதும் இயல்பு. இந்த நிலையில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், அது உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்ததா, அழுத்தத்தால் இதயம் தளர்ந்ததா? முதலாவது என்றால் சாகசப் பிரிவின்கீழ் முழு வரம்பு. இரண்டாவது என்றால் ஏற்கெனவே உள்ள நோய், துணை வரம்பு அல்லது ஒன்றுமில்லை. பாலிசியில் "நோயால் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஏற்படும்" என்ற சொற்றொடர் இருந்தால், நிறுவனத்தின் மருத்துவர் இரண்டாவதன் பக்கம் சாய இடம் கிடைத்துவிடும். மயங்கி விழுந்து கணுக்கால் முறிந்தது என்று வையுங்கள்: முறிவு விபத்து, மயக்கம் சர்க்கரை இறங்கியதாலா, உயரத்தாலா? இதற்கு மலைமேல் எழுதப்படும் முதல் குறிப்புதான் சாட்சி.

டிங்போச்சேவுக்கு அருகில் உள்ள பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கம் ஒவ்வொரு மலையேற்றப் பருவத்திலும் மருத்துவ நிலையம் நடத்துகிறது. 1973-இல் தொடங்கிய அமைப்பு. உயர நோய்களில் அங்குள்ள மருத்துவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. உடல் சரியில்லை என்றால், தங்குவிடுதிக்காரரின் கணிப்போடு ஹெலிகாப்டரை அழைப்பதைவிட, நடக்க முடிகிற நிலையில் இறங்கி அங்கே காட்டுவது உடலுக்கும் நல்லது, காகிதத்துக்கும் நல்லது. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் நேரத்தோடு எழுதி வாங்குங்கள். சர்க்கரை 130 என்று ஒரு வரி அந்தத் தாளில் இருந்தால், "சர்க்கரையால் மயங்கினார்" என்ற வாதம் எழாது.

ஹெலிகாப்டர் விஷயத்தில் ஒரு பழைய கறை உண்டு. தேவையில்லாத நடைப்பயணிகளைக்கூட ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பெரிய பில் அனுப்பும் மோசடி பற்றி 2018-இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. நேபாளத்துக்குக் காப்பீடு தருவதையே நிறுத்திவிடுவோம் என்று வெளிநாட்டு நிறுவனங்கள் எச்சரித்தன. அதன் விளைவை இன்று நேர்மையான நோயாளி சுமக்கிறார்: நிறுவனத்தின் உதவி மையத்தை முன்கூட்டி அழைத்து ஒப்புதல் பெறாமல் பறந்தால், பணம் மறுக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். உதவி மையத்தின் எண்ணையும் பாலிசி எண்ணையும் உங்கள் கைப்பேசியில் மட்டுமல்லாமல், வழிகாட்டியின் கைப்பேசியிலும் ஒரு நண்பரின் சட்டைப்பையில் காகிதமாகவும் வைத்திருங்கள். மயங்கியவர் தம் கைப்பேசியைத் திறந்து கொடுக்க முடியாது.

வாங்குவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒரு மின்னஞ்சல். ஏஜென்டுக்கு அல்ல, நிறுவனத்துக்கு. வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லை. தொலைபேசியில் "எஸ் சார், கவர் ஆகும்" என்று சொன்னவரின் பெயர்கூட நான்கு மாதம் கழித்துக் கிடைக்காது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "நான் அக்டோபர் மாதம் நேபாளத்தில் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம், காலாபத்தர் வரை, கயிறு முதலிய ஏறும் கருவிகள் இல்லாமல், வழிகாட்டியுடன் நடக்க இருக்கிறேன், அதிகபட்ச உயரம் 5,700 மீட்டருக்குள் இருக்கும். எனக்கு ஏழு ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரையும், மூன்று ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. எடுத்துக்கொள்ளும் மருந்துகளும் அளவும் இவை. இந்தப் பயணத்தில் உயரத்தால் ஏற்படும் நோய்க்கான சிகிச்சையும் ஹெலிகாப்டர் மீட்பும் பாலிசியில் அடங்குமா? மேற்சொன்ன நோய்கள் இருப்பதால் அந்த வரம்பு குறையுமா? அந்த நோய்களே காரணமாக அவசரநிலை வந்தால் எவ்வளவு வரை தருவீர்கள்?" இந்த மூன்று கேள்விகளுக்கும் பாலிசியின் பிரிவு எண்ணோடு பதில் வர வேண்டும். "பாலிசி விதிமுறைகளுக்கு உட்பட்டது" என்று மட்டும் வரும் பதில், பதில் அல்ல, மறுபடியும் கேளுங்கள். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதால் செப்டம்பர் கடைசி வரை காத்திருக்காதீர்கள்.

மின்னஞ்சல் அனுப்பும் அதே மாதத்தில் உங்கள் மருத்துவரிடமும் போய்விடுங்கள். கடந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, இசிஜி, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றோடு, உங்கள் வயதுக்கும் சர்க்கரைக்கும் நடைப்பட்டையில் ஓடவைக்கும் இதயப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பயணத்துக்குத் தகுதி என்று அவர் தரும் சான்றிதழ் நல்லதுதான், ஆனால் அது காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்குள் மருந்தின் அளவை மாற்றுவதை, அவசியம் இல்லாவிட்டால், தவிர்க்கச் சொல்லுங்கள். மாறினால் அதையும் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். கனடாவிலும் வேறு சில நாடுகளிலும் பயணப் பாலிசிகள் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன: 90 அல்லது 180 நாட்கள் நோய் மாறாமல் இருக்க வேண்டும், மாத்திரை அளவு கூடினாலும் குறைந்தாலும் அது மாற்றம்தான். டொராண்டோவில் இருந்து உங்களோடு சேரும் நண்பர் யாரும் இருந்தால் அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு, அதாவது டயமாக்ஸ், பலருக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதில் கவனமாக இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் எடுக்கும் உங்களுக்கு அது ஏற்றதா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். அவர் கொடுத்தால், சீட்டில் "உயர நோய்த் தடுப்புக்காக" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் கிளைம் மேசையில் இருப்பவருக்கு அது, பயணத்துக்கு முந்தைய வாரம் தொடங்கிய ஒரு புதிய சிகிச்சையாகத் தெரியும். சர்க்கரை அளக்கும் கருவியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். குளிரில் அது தவறாகக் காட்டும், அல்லது காட்டவே காட்டாது. கூட வருகிறவர் யாரேனும் இன்சுலின் போடுபவராக இருந்தால், ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமலும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாளும் இருக்கும்படி பயணத் திட்டத்தை அமையுங்கள். இந்த அளவுகோலை மீறி அவசரமாக ஏறிய பயணத் திட்டத்தைக் கோப்பில் பார்த்தால், "தேவையற்ற ஆபத்துக்குத் தானே உட்பட்டார்" என்ற விலக்கை எடுத்துப் பேசுகிறவர்கள் எங்கள் துறையில் உண்டு.

ஸ்கூபா டைவிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமைப்பு இதேதான், மீட்டர் கீழ்நோக்கிப் போகிறது. அடிப்படைச் சான்றிதழுக்கு 18 மீட்டர், அடுத்த நிலைக்கு 30 மீட்டர். பாலிசிகள் பெரும்பாலும் உங்கள் சான்றிதழின் ஆழத்தையே எல்லையாகக் கொள்ளும். அங்கே மூன்றாவதாக ஒரு தாளும் உண்டு: டைவிங் பள்ளி தரும் மருத்துவக் கேள்வித்தாள். ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை ஆகியவற்றுக்கு "ஆம்" என்றால் மருத்துவரின் கையெழுத்து கேட்பார்கள் என்று பயந்து, கடற்கரையில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுகிறவர்கள் பலர். காப்பீட்டுப் படிவத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு அங்கே பொய் சொன்னால், இரண்டு தாள்கள் பொருந்தாத அதே கதைதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் முடியாது, நீங்களே பேச வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது மேலே சொன்ன மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும்.

அந்த மின்னஞ்சலுக்கு எந்த நிறுவனமும் தெளிவான பதில் தரவில்லை, அல்லது உயரம் உண்டு, சர்க்கரையும் அழுத்தமும் சார்ந்த எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது என்றால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள். பாதிக் காப்பீடும் பயனுள்ளதே; கால் முறிவும் உயர நோயும்தான் அந்தப் பாதையில் அதிகம் வருபவை. மீதிக்கு, ஹெலிகாப்டருக்கும் காத்மாண்டுவில் சில நாள் மருத்துவமனைக்கும் போதுமான பணத்தைக் கடன் அட்டை வரம்பாகவோ வங்கியிலோ ஒதுக்கி வைத்துவிட்டுப் போகலாம். அட்டை வெளிநாட்டுச் செலவுக்குத் திறந்திருக்கிறதா என்று புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஆண்டு அன்னபூர்ணா பக்கம் 3,210 மீட்டர் பூன்ஹில் வரை நடந்துவிட்டு வருவேன். அந்த உயரம் குறைந்த எல்லை கொண்ட பல பாலிசிகளுக்குள்ளும் வந்துவிடும், அழுத்தமும் சர்க்கரையும் உயரத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்ற குறிப்பும் அடுத்த ஆண்டுக்கு உங்கள் கையில் இருக்கும்.